வெட்டுப்பட்ட கடைசிப் பந்தி

காக்கா,

உங்கள் மகனுக்குச் சீனி வருத்தம் இருப்பது உறுதியாகிவிட்டது. ஆதாரம் அவருடைய கிளினிக் அட்டை. போன செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில், அவருடைய கடையில் வைத்து, அதைக் கையில் வாங்கி வாசித்தேன். பிரஷரும் கூடியிருக்கிறது. கீழே கிளினிக் வைத்தியர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: தினமும் அரைமணி நேரமாவது நடக்கவேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் மகன் செய்ய மறுக்கிறார். அவர் மறுப்பதற்குக் காரணம் நான்.

நான் அங்கே போனது உங்கள் மகனைப் பார்க்க அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் மிதவைப் பாதை பழுதாகி இரண்டு நாள் நின்றிருந்தது. அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போனேன். திரும்பும் பாதைக்குக் காத்திருக்கும்போது தாகத்துக்குச் சோடா வாங்க ஏறிய கடை அவருடையது. கருவாடும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த வாசம். சவர்க்காரப் பெட்டிகளுக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நீங்கள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னர் நான் எழுதிப் பத்திரிகையில் வந்த அதே பக்கம். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் மடக்கிய குடையோடு, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து போட்டு, டச்சுக்குடாக் கடற்கரையில் நடந்து வருகிறீர்கள். தாள் மஞ்சளாகிவிட்டது. தலைப்பு இருந்த இடத்தில் மட்டும், சாமான் சுற்றும் மண்ணிறத் தாளில் ஒரு துண்டு வெட்டி, ஒழுங்காக ஒட்டியிருந்தது.

"அட்டையில நடக்கச் சொல்லியெல்லோ எழுதியிருக்குது, தம்பி" என்றேன்.

"நடந்த ஆளைத்தான் இந்தா மாட்டி வச்சிருக்கன்" என்று சுவரைக் காட்டினார். "போக வர நாலு மைல். நாற்பத்தேழு வயசில மௌத்து. நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பாம நாற்பதுக்கு வந்திட்டன். ஆர் கெட்டிக்காரன், மாமா?"

வெங்காயம் வாங்க நின்றவர் சிரித்தார். "நடந்தாச் சப்பாத்துத்தான் தேயும்."

"ஏன் தலைப்பை மறைச்சு வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வாப்பாட படம் எங்களிட்ட இது ஒண்டுதான் இருக்குது. படம் வேணும். மேல கிடக்கிற பொய் வேணாம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை ஆறுதற்படுத்துவதுபோல, "நீங்க என்ன செய்யிற, மாமா. கொழும்பில இருக்கிறவங்க போட்டதுதானே" என்றார்.

அந்த மண்ணிறத் தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். 'தினமும் நடப்பவருக்கு மாரடைப்பு வராது.' அதை நான் போடவில்லை. தலைப்புப் போடுவது கொழும்பில் இருக்கும் ஆசிரிய மேசை. இதைப் பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். நீங்கள் இறந்த அன்று உங்கள் மையத்து வீட்டிலும் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால், காக்கா, உண்மையான ஒரு வசனத்தைப் போர்வையாக்கி அதற்குள் ஒளிந்திருக்க முடியும் என்பது என்னைப்போன்ற ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

உங்களை முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது எப்போது என்பது நினைவிருக்கிறது. துறைமுகக் களஞ்சியத்தில் நீங்கள் பொறுப்பாளர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா. கயிறு, பெயின்ற், ஆணி, எல்லாவற்றுக்கும் துண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கதிரையில் இருப்பீர்கள். சீனி தொடங்கியிருக்கிறது என்று எங்கள் ஊர் வைத்தியர் சொன்ன அடுத்த திங்கட்கிழமை, தொழிலாளர் பஸ்ஸில் ஏறாமல் அதற்கு முன்னால் நடந்து போனீர்கள். பஸ் உங்களைக் கடக்கும்போது உள்ளே இருந்தவர்கள் தகரத்தில் தட்டிக் கூப்பிட்டார்கள்.

"காக்கா, ஆர் உங்களைத் துரத்துறது?"

"சீனி துரத்துது தம்பிமாரே! திரும்பிப் பார்க்க நேரமில்லை, நீங்க போங்க!"

ஒரு வருடத்துக்குள் உங்கள் இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளை போடவேண்டி வந்தது. சீனி இறங்கியது. இரண்டாவது வருடம் களஞ்சியத்திலிருந்து ஆறு பேர் உங்களோடு நடந்தார்கள். தகரத்தில் தட்டிய ஒருவரும் அதில் இருந்தார். நானும் சில நாள் வந்தனான். கோட்டை வாசலடியில் மூச்சு வாங்கிச் சிகரட் பற்றவைத்தேன். நீங்கள் நின்று பார்த்துவிட்டு, "நிருபர், நீங்க நடக்க வந்தீங்களா, புகை போட வந்த ரயிலா?" என்று கேட்டீர்கள். ஆறு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே இதை எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

ஒழுங்காகவே செய்தேன். ஆறு பேரையும் தனித்தனியாகக் கண்டு கதைத்தேன். ஸ்டூடியோக்காரரைக் கடற்கரைக்கு வரச்சொன்னேன். வைத்தியரிடம் இரண்டு தடவை போனேன். அவர் யாழ்ப்பாணத்தவர். ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அதை வாசித்துக் காட்டச் சொல்லுவார். அவர் சொன்னது இது: தினமும் நடப்பவருக்கு இருதய நோயும் சீனி வருத்தமும் வருகிற வாய்ப்புக் குறைகிறது. நான் எழுதினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குறையும் எண்டுதான் சொல்லுறன். இல்லாமப் போகாது. அதையும் எழுதும். நடக்கிற ஆளுக்கும் நெஞ்சு நொந்தால், நடையை விட்டிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேணும். இதை மறக்காமல் போடும். நடக்கிறவையளுக்கு ஒரு துணிவு வந்திடும், அதுதான் எனக்குப் பயம்."

எழுதினேன். வாசித்தும் காட்டினேன்.

இப்போது தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள், நான் சிரித்து மழுப்பிவிடுவேன். வெளியூர் நிருபர் எழுதுகிறதை மெயில் ரயிலில் கொழும்புக்கு அனுப்புகிறோம். அங்கே பக்கத்தில் இடம் போதாவிட்டால் வாலிலிருந்து வெட்டுவார்கள். உட்கார்ந்து வாசித்து எது முக்கியம் என்று தேட யாருக்கும் நேரமில்லை. கடைசிப் பந்தி போகும், பிறகு அதற்கு மேலே உள்ளது போகும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எவருக்கும் தெரியவரும். ஆகவே போகக்கூடாததை மேலே வைப்போம், போனாலும் பரவாயில்லாததை வாலில் வைப்போம்.

வைத்தியரின் அந்த எச்சரிக்கையை நான் வாலில் வைத்தேன்.

தெரியாமல் வைக்கவில்லை. முதலில் எழுதிய பிரதியில் அது மூன்றாவது பந்தியாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோது, நீங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நடந்து போகும் அழகான இடத்தில் அது குறுக்கே கிடந்தது. உற்சாகத்தைக் கெடுத்தது. எடுத்துக் கடைசியில் போட்டேன். அந்தக் கிழமை பக்கத்தில் இடம் நெருக்கமாக இருக்கும் என்பதும் தெரியும். கொழும்பிலிருந்து முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

பத்திரிகை வந்த நாளில் நீங்கள் ஆறு பிரதி வாங்கினீர்கள். ஒன்றைக் கையில் விரித்தபடி என் கந்தோருக்குள் வந்து மேசையடியில் நின்றீர்கள்.

"என்னைப் பெரிய மகான், அவுலியாவாக்கிப் போட்டீங்களே, நிருபர்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மாரடைப்பு வரவே வராதோ?" என்று கேட்டீர்கள்.

அந்த நேரத்தில் என் மேசையில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், காபன் பிரதி கிடந்தது. கடைசிப் பந்தியோடு.

"டாக்குத்தர் சொன்னதுதான், காக்கா" என்றேன்.

அன்று பின்னேரம் வைத்தியர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "என்ர கடைசி வசனத்தை எங்க விட்டனீர்?" கொழும்பில் வெட்டிவிட்டார்கள் என்றேன். "அப்ப திருத்தம் போடும்" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று வரியில் திருத்தம் எழுதினேன். ஆனால் அடுத்த நாள் ஆசிரியரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து படத்தோடு இவ்வளவு பெரிதாக ஒன்று வந்தது அதுவே முதல்முறை. அந்தக் கடிதத்தையும் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். திருத்தத்தை மடித்து மேசை லாச்சியில் போட்டேன். அடுத்த கிழமை அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த கிழமையும் நினைத்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தி வாசித்தேன், காக்கா. பழக்கம் விடவில்லை. மிக மோசமானதை இங்கேயும் வாலுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். ஆனால் இந்த மடலை வெட்ட யாரும் இல்லை. ஆகவே சொல்லுகிறேன்.

நீங்கள் போவதற்குப் பத்து நாளைக்கு முன்னர், ஒரு வியாழக்கிழமை, ஜெட்டியடித் தேநீர்க் கடையில் இருந்தோம். நீங்கள் பிளேன்ரீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் நெஞ்சின் நடுவே தேய்த்தீர்கள்.

"ரெண்டு நாளா இதுக்குள்ள ஒரு பிடிப்பு. கோட்டை ஏத்தத்தில கூடுது. வாய்வாக்கும். ஒருக்காப் போய்க் காட்டுவமோ எண்டு பார்க்கிறன்."

அப்போது நான் சொன்னது இது. ஒரு சொல்லும் மாறாமல் நினைவிருக்கிறது.

"பேப்பரில வந்த ஆளுக்கு வருத்தம் வரலாமோ, காக்கா? ஊர் சிரிக்கும்."

தேநீர்க் கடைக்காரரும் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். கையை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டீர்கள். "ஓம், அதுவும் சரிதான். நான் ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்தா உங்கட பேப்பருக்கு என்ன மரியாதை?" என்றீர்கள்.

பகிடிக்குத்தான் சொன்னேன். நீங்கள் பகிடியாக எடுத்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. உறுதிப்படுத்த வழியில்லை. அதற்குப் பிறகு நீங்கள் வைத்தியரிடம் போகவில்லை என்பது மட்டும் உறுதி. அதை வைத்தியரே சொன்னார்.

நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது விழுந்ததாகத்தான் ஊர் இன்றைக்கும் சொல்லுகிறது. அது பிழை. களஞ்சியத்தில், மேசைக்கு முன்னால், கதிரையில் இருந்தபடி, கயிற்றுக்குத் துண்டு எழுதிக்கொண்டிருந்தபோது போனீர்கள். பேனை கையில் இருந்தது. பக்கத்தில் நின்ற இருவரிடம் கேட்டு இதைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதையும் எழுதவில்லை. எழுதினால் முதல் கட்டுரையைத் திரும்பக் கிளறவேண்டி வரும். உங்களோடு நடந்த ஆறு பேரும் அந்தக் கிழமையே பஸ்ஸில் ஏறினார்கள். 'நடந்து நடந்து செத்தார்' என்ற கதை ஜெட்டியிலிருந்து தோப்பூர்ச் சந்தை வரைக்கும் போனது.

வைத்தியரிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நடந்ததால செத்தார் எண்டும் எழுதாதையும், நடந்தும் பலனில்லாமல் செத்தார் எண்டும் எழுதாதையும்" என்றார். "நடையால அவருக்குச் சீனி இறங்கினது உண்மை. நடக்காட்டி இது முந்தியே வந்திருக்குமோ எண்டு ஒரு ஆளை வைச்சு ஆராலும் சொல்ல ஏலாது. நூறு பேர் நடந்தால் கன பேருக்கு நன்மை. அந்த நூறிலயும் சில பேருக்கு வரும். வரேக்க அறிகுறி காட்டும். காட்டினதும் வந்திருந்தால் நான் ஏதும் செய்து பார்த்திருப்பன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

குறிப்பெடுத்தேன். அதையும் அனுப்பவில்லை.

உங்கள் மனைவி, எங்கள் ராத்தா, கணவனை இழந்த பெண் வீட்டுக்குள் இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து, மகனோடு கிண்ணியாவிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போகும்போது, வழியனுப்ப வந்தேன். வண்டியில் பெட்டிகளுக்கு மேலே அந்தச் சட்டம் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. "இந்தப் படத்தை நீங்க எடுப்பிச்சிருக்காட்டி அவர்ட முகமே எங்களுக்கு இல்ல, தம்பி. அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தரட்டும்" என்றார். அந்த துஆவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். அதற்குப் பிறகு கிண்ணியாவுக்குச் செய்தி எடுக்கப் போன நாட்களில் எல்லாம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதைத் தவிர்த்தேன். போன செவ்வாய் வரைக்கும் அந்தக் கடை உங்கள் மகனுடையது என்பதுகூடத் தெரியாமல் இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். வருட வாரியாகக் கட்டி வைத்திருக்கும் காபன் பிரதிகள். உங்களுடையதை எடுக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரிந்தே இருந்தது. நீல எழுத்து மங்கவில்லை. கடைசிப் பந்தி ஐந்து வரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு மறுபடியும் பாதையேறினேன். உங்கள் மகன் கடைக்குப் பின்னால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராத்தா உள்ளறைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தது தெரிந்தது. நான் காபன் பிரதியை மகனிடம் கொடுத்து, கடைசிப் பந்தியை வாசிக்கச் சொன்னேன். அவர் சத்தமாக வாசித்தார். நடுவில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு முடித்தார்.

"இது பதினெட்டு வருசமா உங்கட பெட்டிக்குள்ள கிடந்ததா, மாமா?"

"ஓம்."

"கொழும்பில வெட்டினது எண்டீங்களே."

"வெட்டினது அவங்கள். வெட்டுப்படுற இடத்தில வச்சது நான்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப வாப்பா நடந்தது பிழையில்லையா?"

"இல்லை, தம்பி. நடை அவருக்கு நல்லதுதான் செய்தது. பிழை எங்க எண்டால்..." என்று தொடங்கினேன். திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா இடைமறித்தார்.

"தம்பி, அவருக்கு நெஞ்சு நொந்தது உங்களுக்குத் தெரியுமா?"

பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். தேநீர்க் கடையில் சொன்னதைச் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

"ஓம், ராத்தா. எனக்குச் சொன்னவர்."

"எனக்குச் சொல்லல்ல" என்றார்.

பிறகு நான் மிச்சத்தையும் சொன்னேன். பகிடியையும், சிரித்ததையும், நீங்கள் கையை எடுத்ததையும்.  திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது, குசினிப் பக்கம் போகும் காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வழக்கமாக வருகிறவருக்குக் கொடுக்கும் தேத்தண்ணி அன்றைக்கு வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

கடைவாசல் வரைக்கும் மகன் வந்தார். காபன் பிரதி அவர் கையிலேயே இருந்தது. "இதை என்னட்ட விட்டிட்டுப் போங்க" என்றார். விட்டுவிட்டு வந்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை.

நாற்பது வருடம் இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். அந்த வியாழக்கிழமை தேநீர்க் கடையில் சொன்ன வசனத்துக்கு மட்டும் பெட்டி தேவையில்லை. சிகரட்டை விட்டுவிட்டேன். காலையில் நீங்கள் நடந்த வழியால்தான் நடக்கிறேன், டச்சுக்குடாவால் போய்க் கோட்டை ஏற்றம் வரைக்கும். ஏற்றத்தில் நெஞ்சைக் கவனிக்கிறேன். வாசலடியில் ஒரு நிமிடம் நிற்கிறேன். அங்கே இப்போது என்னைப் பார்த்து எவரும் பகிடி பண்ணுவதில்லை.

இனி மிச்சம் இருப்பது. அடுத்த செவ்வாய் கிளினிக் நாள். நடக்கத் தொடங்குவதற்கு முன்னர் நெஞ்சைச் சோதிக்கவேண்டும் என்று உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறேன். வைத்தியரின் அந்த ஐந்து வரியைக் காட்டி, குடும்பத்தில் நடந்ததையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். போவீர்களா என்று கேட்டேன். "பாப்பம்" என்றார். அதை நான் உறுதியான பதிலாகக் குறிக்கவில்லை. போனாரா இல்லையா என்பது புதன்கிழமை காலைப் பாதையில் வருகிறவர்களிடமிருந்து தெரியவரும். ஜெட்டியில் நிற்பேன்.

ராத்தாவின் பதிலுக்கு நாள் குறிக்கப்படவில்லை.